தம்பிக்காக ஊதின மூச்சு

தம்பியைக் கயிற்றில் கட்டிப்போட்ட வருஷம் அது. எனக்கு ஒன்பது வயசு, அவனுக்கு ஆறு. ராயபுரத்தில் கடலோரம் எங்கள் வீடு. அவனுக்கு வலிப்பு வரும். ஒருநாள் கரையில் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா மீன் விற்கப் போனாள். அவன் என் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போய் விழுந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. வலை இழுத்தவர்கள் தூக்கிவந்தார்கள்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். "கண்ணத் தொறந்துகினே தூங்கறியாடி?"

எனக்கு வழக்கமான வசவுதான். குழாயடியில் குடம் நிரம்பி வழியும், நான் பார்த்தபடி நிற்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டாலும் காதில் விழாது. மந்தம் என்றார்கள். இரண்டாவதோடு நின்றேன்.

அதுமுதல் அம்மா வியாபாரத்துக்குப் போனால் தம்பியின் இடுப்பில் வலைக்கயிறு. மறுமுனை வாசல் கம்பத்தில். அவன் கத்துவான், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அந்தக் கயிறு அவிழணும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர் ஒட்டி, மூளை ஓடுகிற ஓட்டத்தைக் காகிதத்தில் எடுப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் மாத்திரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரிடம் பரட்டைத் தலையோடு போகலாமா? அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணெய் வழியத் தலைவாரிக் கூட்டிப்போனாள்.

மெஷின்காரர் தம்பியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாம்மா, வட சுடற சட்டியாட்டம் கீது. இதுல ஒயர் ஒட்டுமா? அலசிக்கினு வா."

ஆயாவிடம் சோப்பு வாங்கிக் குழாயில் அலசினாள். சோப்பு கையில் இருக்கிறதே என்று என் தலையையும் பிடித்து அலசினாள்.

தம்பி ஒயர்களைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். "கரண்டு வெச்சி சாவடிப்பாங்க! பக்கத்து வூட்டு மாமா சொல்ச்சு!" அம்மா இழுத்தாள். கடித்தான். மெஷின்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவருகே போனார்.

நான் கட்டிலில் ஏறிப் படுத்தேன். "எனக்கு வைங்க. அவன் பாக்கட்டும்."

அவர் சிரித்தார். "வா நைனா, உங்கக்கா வித்த காட்றா பாரு." பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினார். வரிசையாக நின்ற பேனாக்கள் காகிதத்தில் கிறுக்கின.

"வலிக்கலடா" என்றேன்.

தம்பி தலையை மட்டும் நீட்டினான். "எல்லாத்தையும் செஞ்சி காட்டு."

"அப்போ வேகமா மூச்சு இழுத்து ஊது. வுடாம ஊது" என்றார் மெஷின்காரர்.

ஊதினேன். கயிற்றை நினைத்து ஊதினேன்.

பிறகு பார்த்தால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். காகிதத்தில் பேனாக்கள் மேலும் கீழும் இழுத்துத் தள்ளியிருந்தன.

"நான் கூப்ட்டது கேட்டுச்சா?" என்றார் அவர்.

"நீங்க கூப்டவே இல்லியே."

அவர் சிரிப்பு போய்விட்டது. "ஏம்மா, இது அடிக்கடி இப்டித்தான் நின்னுடுதா?"

அம்மா குழாயடியில் குடம் வழிவதைச் சொன்னாள். அவர் டாக்டரைக் கூட்டிவந்து காகிதத்தைக் காட்டினார். டாக்டர் என்னைக் காட்டி அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். அதற்குள் தம்பி தானே கட்டிலில் ஏறிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது அம்மாவின் முந்தானை முடிச்சில் இரண்டு மாத்திரைப் பொட்டலம், தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பஸ்ஸில் தம்பியை ஜன்னலோரம் தள்ளிவிட்டு என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒன்பது வயசுப் பெண்ணை. அறைந்த கையாலேயே என் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்தாள். அழுதாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊதச் சொன்னதை நடுவில் விட்டுவிட்டேன், அதனால் தம்பிக்குக் கயிறு அவிழாது என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி போலாம்மா" என்றேன். "இந்த வாட்டி நிறுத்தாம ஊதறேன்."