கம்பெனி லீவு

ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பு முத்துமாரி மழை பெய்தால் வரமாட்டாள். லேசாகத் தூறினாலும் வரமாட்டாள். நனைவதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மழைக்கும் அவளைக் காணோம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மதிய இடைவேளையில் நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

குடை ஆணியில் தொங்கியது. முத்துமாரி அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். அம்மா அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர், இப்படி நனைஞ்சு வந்திருக்கீகளே!” என்று அவர் பதறி எழப் பார்த்தார். மகள் சேலையை விடவில்லை.

“குடை இருந்தும் ஏன் வரலை?” என்று அவளைக் கேட்டேன்.

“மழை பேஞ்சாத்தானே டீச்சர் அம்மாவுக்குக் கம்பெனி லீவு?” என்றாள்.

அம்மாவுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. வெயில் இல்லாவிட்டால் வெடிமருந்து காயாது, ஆள் ஏற்றும் கம்பெனி வேனும் வராது. மற்ற நாட்களில் மகள் விழிக்கும் முன்பே வேன் ஏறி, இருட்டிய பிறகுதான் திரும்புவார். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

திட்ட வந்ததை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“அடுத்த மழைக்கு நீங்களும் வந்து அவ பக்கத்துல உக்காருங்க” என்றேன்.

“நானா? பள்ளிக்கூடத்துக்கா?” என்று அம்மா சிரித்தார்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. நான் கொடுத்த குடை அன்றுதான் முதல்முறையாகப் பள்ளிக்கு வந்தது. அதன் கீழே இரண்டு பேர் வந்தார்கள்.