ஓட விடாத தண்டனை

ஒட்டடைக்குச்சி என்றால்தான் கல்லூரியில் அவளைத் தெரியும். முதலிடத்தில் இருந்த மகளிர் கூடைப்பந்து அணியின் நெட்டைக்காரி. எதிர்த்தெருக் கல்லூரியிடம் ஒரு புள்ளியில் தோற்றபோது யாரும் தடுக்காமல் எறியக் கிடைத்த கடைசி ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டவளும் அவள்தான்.

மறுநாளே கோச் அக்கா புது விதி போட்டாள். இவள் தவறவிடும் ஒவ்வொரு பந்துக்கும் மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். இவள் நின்று பார்க்க வேண்டும்.

"நானும் ஓடுறேன்க்கா."

"வாயை மூடிட்டுப் பந்தைப் போடு."

பந்து தவறிக்கொண்டே இருந்தது. தோழிகள் நாக்குத் தள்ள ஓடினார்கள். ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் "சாப்பிட்டியா?" என்று கேட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்தாள்.

அடுத்த ஆட்டம் சமநிலையில் நின்றபோது மணி அடித்தது. கடைசி நொடியில் எதிரணிக்காரி இவளைத் தள்ளிவிட்டதற்காக நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். முதல் பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. அரங்கமே ஊளையிட்டது.

பின்னாலிருந்து கேப்டன் கத்தினாள்: "ஏய் ஒட்டடைக்குச்சி! போடுடி. போகலன்னா ஓடிக்கிறோம், எங்களுக்கென்ன புதுசா?"

அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு போன பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

கட்டிப்பிடிக்க வந்தவர்களின் கையில் அவள் சிக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.