வலது தோளும் இடது தோளும்

என் கணவருக்குக் காரில் பெல்ட் போடுவதென்றால் வேப்பங்காய். சோம்பல் மட்டும் காரணமல்ல. யுத்தம் மறுபடி சூடு பிடித்திருந்த காலம். ஆரையம்பதியிலிருந்து டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிகள் எத்தனையோ. நிறுத்தியதும் பெல்டைக் கழற்ற இடுப்புப் பக்கம் கை போனால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? அதற்குப் பயந்தே எங்கள் பக்கத்தில் பலர் பெல்டைத் தொடுவதில்லை.

நானோ விடுவதாயில்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த காரானாலும் அதில் காற்றுப்பைகூட இருந்தது. இவருக்கு மட்டும் பெல்ட் பாரமாம். நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் ஒரு பேரம் படிந்தது. சென்றி வருமுன் அவருடைய பெல்டைக் கழற்றுவதும், தாண்டியதும் மாட்டுவதும் என் வேலை.

"அப்ப நீயும் போடணும்," என்றார்.

சேலை கசங்குமே என்று முணுமுணுத்துக்கொண்டு நானும் போட்டேன்.

ஒரு மாலை களுவாஞ்சிகுடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சென்றியைத் தாண்டி அவருக்குப் பெல்டை மாட்டிவிட்டுச் சற்றுத் தூரம்தான் வந்திருப்போம். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வெளிச்சமே இல்லாமல் றோட்டில் நின்றது. அதன் பெட்டியில் போய் மோதினோம். படாரென்று வெடிச்சத்தம், கண்முன்னே வெள்ளைப் புகை. கண்ணிவெடி என்றே நினைத்தேன். றோட்டோரம் நின்றவர்களும் குப்புறப் படுத்துவிட்டார்கள். வெடித்துக் கிளம்பியது காற்றுப்பை என்பது பிறகுதான் விளங்கியது. அவர் முதலில் தடவிப் பார்த்தது தன் கால்களை.

"ரெண்டு காலும் இரிக்குகா," என்றார்.

வெறும் விபத்துத்தான் என்று தெரிந்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரின் முன்பக்கம் பிஸ்கற் தகரம்போல நசுங்கிக் கிடந்தது. அடியைத் தானே வாங்கிக்கொண்டு நசுங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்களாம், கராஜில் சொன்னார்கள். நாங்கள் இருந்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் இழுத்துப் பிடித்த இடம் மட்டும் இருவருக்கும் கன்றிப்போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாமென்று பஸ்ஸில் போனோம். சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களின் சட்டையைத் திறந்து, துவக்குத் தூக்கிய போராளியா என்றறிய, அதன் பட்டி தேய்த்த அடையாளம் தோளில் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது வழக்கம். அவருக்கோ வலது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே கருநீலப் பட்டை. அவரை மட்டும் தனியே நிறுத்தினார்கள். விபத்து என்று அவர் சொன்னது எடுபடவில்லை. அப்படித் தனியே நிறுத்தப்பட்டு வீடு திரும்பாதவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

பெண்களைச் சோதிக்கும் பொலிஸ்காரி திரைக்குப் பின்னால் இருந்தாள். ஓடிப்போய் அவள் முன்னால் சேலையை விலக்கி என் இடது தோளைக் காட்டினேன். அதே அகலம், அதே நிறம், பக்கம் மட்டும் வேறு. எனக்கிருந்த அரைகுறைச் சிங்களமும் பயத்தில் ஓடிவிட்டது. ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கைகளை வைத்து, மோதிக் காட்டினேன். அவள் என் தோளைப் பார்த்தாள். திரையை நீக்கி அவர் தோளைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் ஆமிக்காரனிடம் ஏதோ சொன்னாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தான்.

பஸ்ஸில் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்: "நல்ல காலம்கா, நீயும் போட்டிருந்த."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று டவுன் வரும்வரை அழுதேன்.