வட்டம் தொடங்கிய இடம்

அந்தப் புகைப்படக் கடையில் அவருக்கு 'அலைக்காரர்' என்றுதான் பெயர். அசையாத படத்தில் இருக்கும் தண்ணீரைக் கணினியில் அசைய வைப்பது அவர் பிழைப்பு. ஏரிக்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் புதுஜோடிகள் படத்தைக் கொண்டுவந்து, "தண்ணி மட்டும் ஆடணும், நாங்க ஆடக் கூடாது" என்பார்கள். பிற்பாடு ஆடப்போவது அவர்கள்தான் என்று பாவம், யார் சொல்வது?

எது அசைய வேண்டும் என்று கணினிக்குக் காட்ட, தண்ணீர் உள்ள பகுதிக்கு மட்டும் மவுஸால் வண்ணம் பூசுவார். பிறகு ஓர் இடத்தில் சொடுக்கினால் அங்கிருந்து வட்டவட்டமாக அலை விரியும். அந்த இடம் எப்போதும் இடது ஓரம்தான். வேறெங்கு வைத்தாலும் பார்ப்பவர் கண் முகத்தை விட்டுவிடுமாம். பத்து வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவருடைய அக்காவுக்குக்கூட மனப்பாடம்.

அந்த அக்கா போன வாரம் ஒரு படத்தோடு வந்தாள். தோளில் துண்டோடு ஏரிக்கரையில் சிரிக்கும் அவள் கணவர். எடுத்தவர் அலைக்காரரே. எடுத்துப் பத்து நிமிஷத்தில் நீந்தப் போன மாமா கரையேறவில்லை. "கேமராவை வைக்க வண்டிக்குப் போயிருந்தேன், பாக்கலை" என்று அன்று எல்லோரிடமும் அழுதார். எங்கே மூழ்கினார் என்று தெரியாமல் பொழுது சாயும்வரை தேடினார்கள். மறுநாள் மதகுப் பக்கம் உடல் ஒதுங்கியது.

"வருஷம் ஒண்ணு ஆகப்போகுது, நாலு பேர் வருவாங்க. ஊருக்கெல்லாம் பண்ணிக் குடுக்கறே, எனக்குப் பண்ண மாட்டியா?" என்றாள் அக்கா.

படத்தை வாங்கிக்கொண்டார். அரைமணி வேலை நாலு நாள் இழுத்தது. துண்டின் ஓரத்தைப் பூசிப் பூசி அழித்தார். கடைசியில், முடிந்தால் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ சொடுக்கிச் சேமித்துவிட்டார். திரும்பப் பார்க்கத் தைரியமில்லை.

அன்று மத்தியானம் அக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் தண்ணீர் அசைந்தது.

"உயிரோட நிக்கற மாதிரியே இருக்குடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவரும் பார்த்தார். வலது பக்கம், தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தை ஒட்டி ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. மவுஸை எடுக்கப் போன கையை அக்கா பிடித்தாள்.

"இடது ஓரம்தானே வைப்பே? அங்க ஏன் வச்சே?"

"கை தவறிடுச்சுக்கா."

படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி அதே இடத்தில் வட்டம். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாக்கலைன்னு சொன்னியேடா."

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம், ஒரு வருஷப் பழக்கம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது.

"மரத்துக்கிட்ட கையைத் தூக்கினாருக்கா. விளையாடறாருன்னு நினைச்சு இன்னொரு போட்டோ எடுத்தேன். நிமிர்ந்து பாத்தா ஆளைக் காணோம். எனக்கு நீச்சல் தெரியாது. பாத்துக்கிட்டே நின்னேன்னு எப்படிச் சொல்றது?"

அக்கா அவர் கையை விட்டாள்.

"அந்தப் போட்டோ எங்க?" என்று கேட்டாள்.