பெரியப்பா வாங்கிய கையெழுத்துகள்

என் பெரியப்பா ஃபிஜியில் மந்திரியாக இருந்தவர். அம்மாவின் அக்காவான பெரியம்மா, ஆசிரியை வேலைக்குப் போன இடத்தில் அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட மனிதர். மூன்று முறை தேர்தலில் நின்று, ஒருமுறை ஜெயித்து, மந்திரியாகி நாலு மாதம் முடிவதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பெரியம்மா முதலில் லண்டனிலிருந்த மகனிடம் போய்விட்டாள். பின்னால் கிளம்பிய பெரியப்பா, வழியில் துபாயில் எங்களோடு பத்து நாள் தங்கினார். கராமாவில் எங்களுடையது சின்ன ஃபிளாட். என் அறையும் மேஜையும் அவருக்குப் போயின. பதினொரு வயதில் அதை மன்னிப்பது எளிதல்ல.

அவரால் சும்மா இருக்க முடியாது. தக்காளி வாங்க அனுப்பினால், கடைக்காரரின் குறைகளையெல்லாம் கேட்டுக்கொண்டு வெறும் பையோடு திரும்புவார்.

"பதவி போனது ஊருக்கே தெரியும், இந்த மனுஷனுக்கு மட்டும் தெரியல" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் கட்டடத்தில் மூன்று வாரமாக லிஃப்ட் ஓடவில்லை. அது போதாதா அவருக்கு? அப்பா டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் என் கட்டுரை நோட்டில் தாளைக் கிழித்து, கட்டட முதலாளிக்கு மனு எழுதினார். முதல் பெயராக அப்பாவின் பெயரைப் போட்டார். மாடி மாடியாக ஏறி, தன் ஃபிஜி இந்தியில் பேசி, பெஷாவர்க்காரரிடமும் மலையாளிகளிடமும் கையெழுத்து வாங்கினார். என்னிடமும் வாங்கினார். பிறகு மனுவை வாட்ச்மேனிடம் கொடுத்து, முதலாளியிடம் சேர்க்கச் சொன்னார்.

கட்டட முதலாளிதான் அப்பாவுக்கு விசா கொடுத்திருந்த கஃபீல் என்பதைப் பெரியப்பா யாரிடமும் விசாரிக்கவில்லை.

டூட்டி முடிந்து வந்து விஷயம் தெரிந்ததும் அப்பா செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினார். நல்லவேளை, வாட்ச்மேன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. மனுவோடு மூச்சிரைக்கத் திரும்பினார்.

"அண்ணே, விசாவ கேன்சல் பண்ணிட்டா நாங்க எங்க போறது? இவ படிப்பு என்னாகுறது?"

"லிஃப்ட்தானே கேட்டோம்? பதினஞ்சு வருஷமா இங்க இருக்கே. அதக் கேக்கக்கூட உனக்கு உரிமை இல்லியா?"

"நீங்க அங்க நாலு தலைமுறையா இருந்தீங்க. ஓட்டுப் போட்டீங்க, ஜெயிச்சீங்க. என்ன கெடைச்சுது?"

பெரியப்பா என் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அப்பா மனுவைக் கிழிக்கப் போனவர், கிழிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பாடா, இனி லண்டனுக்குப் போகும்வரை வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்கு நிம்மதி. ஆனாலும் மனிதர் அத்தனை மாடி ஏறி இறங்கியிருக்கிறாரே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கவலைப்படாதீங்க பெரியப்பா, லிஃப்ட எப்படியும் ரிப்பேர் பண்ணிடுவாங்க" என்றேன்.