பணம் வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் ‘ஓட்டிக்காட்டி’. பழைய மெஷினை வாங்கிப் பிரித்து, பேரிங் மாற்றி, கதவு ரப்பர் மாற்றி, உப்புப் படிந்த ஹீட்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்து விற்பது அவர் தொழில். அதில் ஒரு பிடிவாதம் உண்டு. வாங்க வந்தவர் கண்ணெதிரே ஒரு முழுச் சலவை ஓட்டிக் காட்டாமல் எந்த மெஷினையும் கடைவாசல் தாண்ட விடமாட்டார். வெறும் தண்ணீரை விட்டு ஓட்டுவதும் அவருக்கு ஆகாது. பாரம் ஏறினால்தான் மெஷினின் குணம் தெரியும் என்பார். அதற்காக வீட்டு அழுக்குத் துணியை மூட்டை கட்டிக் கடைக்கே கொண்டுவந்து வைத்திருப்பார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டவள் வீட்டில் துணி துவைத்தே வருஷக்கணக்காகிறது என்று தெருவில் கேலி பேசுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

போன வருஷம் அவர் ஏமாந்ததும் தெருவுக்கே தெரிந்த கதைதான். ஒருவன் வந்து, முழுச் சலவையையும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து, ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு, பணம் அனுப்பியாகிவிட்டது என்று தன் போனில் ஒரு பச்சை டிக்கைக் காட்டினான். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு மெஷினை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார். சாயந்திரம் பார்த்தால் கணக்கில் சல்லிக்காசு ஏறவில்லை. அவன் காட்டியது வெறும் படம். தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தான்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பெரிய குரலில் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“இன்னொரு தடவை இப்படி ஏமாந்தீங்கன்னா ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு என் தம்பி கடைக்குப் போயிடணும். மாசமானா சம்பளமாவது ஒழுங்கா வரும்.”

தம்பி என்றால் இவருக்கு மச்சான். மூன்று மாடிக் கடையில் புது ஃப்ரிட்ஜும் டிவியும் விற்கிறவன், இவர் வந்தால் வேலை தரக் காத்திருந்தவன். அங்கே வேலை செய்கிறவர்கள் டை கட்டிக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இவருக்கு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது.  ஆனாலும் சரி என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் வேறு என்ன செய்ய, மெஷினைத் தூக்கிக் கொடுத்தவர் அவர்தானே.

அதற்குப் பிறகு படத்தை எல்லாம் அவர் நம்புவதில்லை. தன் போனில் பணம் வந்த செய்தி வர வேண்டும், ஆப்பைத் திறந்து பார்த்தால் கணக்கில் தொகை கூடியிருக்க வேண்டும், அப்போதுதான் பேச்சு. இனி எந்தக் கொம்பனாலும் தன்னை ஏமாற்ற முடியாது என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்தார். அந்த மிதப்போடு ஒரு வருஷம் ஓடியது.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில், முன்பக்கம் கதவு வைத்த ஏழு கிலோ மெஷின் ஒன்றைக் கேட்டு ஓர் ஆள் வந்தான். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து இவர் உயிர் கொடுத்த மெஷின் அது. விலை பதினெட்டாயிரம். வந்தவன் பேரம் பேசவில்லை. மெஷினைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் சின்ன வேன் நிற்கிறது, உடனே எடுத்துப் போகணும் அண்ணே என்றான். பேரம் பேசாத ஆளைக் கண்டால் சந்தேகம் வர வேண்டும். இவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

சலவை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றதும், அதெல்லாம் எதுக்கு அண்ணே, உங்க மேல நம்பிக்கை இருக்கு என்றான். ‘ஓட்டிக்காட்டி’யிடமா இதெல்லாம் நடக்கும்? அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதே மூட்டையை அவிழ்த்துப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, தன்னுடைய கிரீஸ் படிந்த நீலச் சட்டை எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கதவைச் சாத்தி பட்டனை அழுத்திவிட்டார். கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. ஐம்பத்தைந்து நிமிஷம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. அதே நேரத்தில் அவர் போனும் மணியடித்தது. பதினெட்டாயிரம் வந்திருந்தது. ஆப்பைத் திறந்து பார்த்தார், கணக்கில் ஏறியிருந்தது. அனுப்பியவர் இடத்தில் ஒரு பெண் பெயர் இருந்ததைப் பார்த்து யாரென்று கேட்டார். வீட்டம்மா கணக்கு என்றான் அவன்.

அப்புறம் அவன் நிலைகொள்ளவில்லை. வாசலுக்குப் போவான், வருவான், மணி பார்ப்பான். பணம்தான் வந்துருச்சே, நிறுத்திட்டுக் கொடுங்க என்றான். நடுவில் நிறுத்தினால் உள்ளே தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் கதவு திறக்காது என்று இவர் பொறுமையாக விளக்கினார். அப்படியே துணியோடு கொண்டு போகிறேன் என்றான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை இவர் கேட்டதில்லை.

“தம்பி, உள்ள இருக்கறது என் வீட்டம்மாவோட பெட்ஷீட். அது இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது.”

சொல்லிவிட்டு இவரே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

இருபது நிமிஷம் மீதி இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். நேற்று யாரோ கூரியர் என்று கூப்பிட்டு, போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டார்களாம். இன்று பார்த்தால் கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் போயிருக்கிறதாம். போன இடம் என்று இவர் பெயரும் போன் எண்ணும் காட்டுகிறதாம். அது தன் இரண்டு மாதச் சேமிப்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா என்றாள்.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் அந்தப் பெண் மேல்தான் சந்தேகம் வந்தது. தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று அழுது பணம் பறிக்கிற கூட்டம் ஒன்று இருப்பதாக மச்சான் சொல்லியிருக்கிறான். ஒரு காதில் அவள் அழுகிறாள், எதிரே அவன் நகத்தைக் கடிக்கிறான். இரண்டில் ஒருவர் திருடர், யாரென்றுதான் தெரியவில்லை. தப்பாக நம்பினால் ஷட்டர் கீழே இறங்கிவிடும்.  கடைசியில் ஒன்று தோன்றியது. போனை அவன் பக்கம் நீட்டினார்.

“உங்க வீட்டம்மா லைன்ல இருக்காங்க. பேசுங்க.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணமான எவனும் முதலில் போனை வாங்குவான், அப்புறம்தான் பயப்படுவான். இவனோ போனைத் தொடக்கூட இல்லை. வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு வந்து பேசுறேன் அண்ணே என்று திருதிருவென்று விழித்தபடி வெளியே போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கம்பி நீட்டிவிட்டான். மெஷின் பாட்டுக்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தது.

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. உடனே அந்தப் பெண்ணிடம், அழாதேம்மா, பணம் பத்திரமாக இருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அப்படியே நின்றது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மனைவியைக் கூப்பிட்டார். பயந்துகொண்டேதான் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டே வாக்கியம் சொன்னாள்.

“நீங்களா எதையும் அனுப்பாதீங்க. பேங்க் வாசலுக்கு வாங்க, நான் வர்றேன்.”

அவள் சொன்னதன் நியாயம் வங்கியில் புரிந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டாள். வங்கி எப்படியும் இவர் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக் கொடுத்துவிடும். இவரும் தன் கையால் அனுப்பியிருந்தால் ஒரே பணம் இரண்டு முறை போயிருக்கும். ஆப்காரர்களைக் கூப்பிட்டதற்கு, இந்த ஆப் தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும் தங்களுக்குள் பணம் மாற்றிக்கொள்வதற்குத்தான், சரக்கு விற்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இத்தனை நாளும் இவர் கடை முழுக்க அதில்தான் ஓடியிருக்கிறது. கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விசாரணை முடியும்வரை கணக்கை நிறுத்திவைத்தார்கள். ஒன்பது நாள். அத்தனை நாளும் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு மட்டும் ரிப்பேர் வேலை செய்தார். இடையில் மனைவி சொல்லி, கடைக்கென்று தனியாக வியாபாரக் கணக்கு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். இனி பணம் அனுப்புகிறவர் பெயரும் மெஷின் வாங்குகிறவர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் விற்பது என்றும் முடிவு செய்தார். தம்பி கடைப் பேச்சை மட்டும் அவள் எடுக்கவே இல்லை. இவரும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது அவள் தொண்டையைச் செருமினால் போதும், இதோ வந்துவிட்டது என்று இவருக்குச் சோறு இறங்காது.

பத்தாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் கூப்பிட்டாள். பணம் முழுசாக வந்துவிட்டதாம். இந்தத் தடவையும் அழுதாள், ஆனால் நடுநடுவே சிரித்துக்கொண்டு. அடுத்த அரைமணியில் இவர் கணக்கும் திறந்துவிட்டது. சாயந்திரம் மனைவி வேலை முடிந்து, துவைத்த துணியை எடுத்துப் போகக் கடைக்கு வந்தாள். இனியும் தாங்காது என்று அவரே வாயைத் திறந்தார்.

“மறைக்க என்ன இருக்கு, இதுவும் ஏமாந்ததுல சேர்த்திதான். பணம் ஏறினதைப் பாத்ததும் நம்பிட்டேன். துணி உள்ள மாட்டலைன்னா மெஷினையும் அன்னைக்கே தூக்கிக் கொடுத்திருப்பேன். சொன்ன சொல் சொல்லுதான். நாளையிலேர்ந்து தம்பி கடைக்குப் போறேன்.”

அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அங்க வேற ஆளைப் போட்டாச்சு.”

“எப்போ?”

“அன்னைக்கே. பேங்க் வாசல்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்ல, அப்பவே தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அவர் வரமாட்டார், நீ வேற ஆளைப் பாத்துக்கோன்னு.”

 ஒன்பது நாளாகச் சோறு இறங்காமல் தவித்ததை நினைத்துக்கொண்டார்.

“அதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே” என்றாள் அவள். “திருட்டுப் பணம்னு தெரிஞ்சதும் யார் பணம்னு பாத்துத் திருப்பிக் கொடுக்கத் தவிச்சீங்க. அப்படிப்பட்ட ஆளை டை கட்டி நிக்க வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்ஷீட்டின் அடுத்த முனையைப் பிடியுங்கள் என்று அவள் நீட்டினாள். அவர் எழுந்து போய்ப் பிடித்தார், இரண்டு பேருமாக அதை மடித்தார்கள்.