படமில்லாத விளையாட்டு

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலேயே அம்மாவுக்கு அதன்மேல் சந்தேகம். சூரமங்கலத்தில் வீட்டைக் காலிசெய்த ரயில்வே அதிகாரி ஒருவரின் சாமான்களைத் தன் டெம்போவில் ஏற்றப்போன மாமாவுக்கு அது இனாமாகக் கிடைத்தது. பழைய காலத்துப் பெட்டி. டிவியில் மாட்டினால்தான் வேலை செய்யும்.

"சும்மா ஆருடா குடுப்பாங்க?" என்று தன் தம்பியான மாமாவைக் கேட்டாள் அம்மா.

அதில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. விளையாட்டு கேட்டு ஃபேர்லேண்ட்ஸ் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார் மாமா. சிரித்துத்தான் அனுப்பினார்கள். கடைசியில் அந்த அதிகாரியின் புது வீட்டுக்கே போய், பரணில் ஏற்றியிருந்த விளையாட்டுக் கேசட்டுகளைக் கேட்டு வாங்கிவந்தார். எங்கள் டேப் ரெக்கார்டரை இணைத்து ஓட்டினால், காது கூசும்படி கத்தி ஓய்ந்த பிறகு டிவியில் எழுத்து வந்தது. படம் கிடையாது, வெறும் இங்கிலீஷ்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஏழாவது. நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில் படித்துச் சொன்னேன்.

"நீ ஒரு ஊட்டு வாசல்ல நிக்கற. பூட்டியிருக்குது. உள்ள நகைப் பொட்டி இருக்குது. என்ன பண்ணப்போற?"

அம்மா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "நகை எங்கீன்னு ஆரோ கேக்கறான். பதில் சொல்லாத சாமி!"

"அட, வெளாட்டுங்கக்கா" என்றார் மாமா.

"படமில்லாம என்னடா வெளாட்டு? மூஞ்சியக் காட்டுனா ஆளு தெரிஞ்சுரும்னு எழுத்துல கேக்கறான்."

பொழுது சாய்வதற்குள் பெட்டி வெளியே போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். நான் சோறு தின்னாமல் கிடந்தேன்.

சாயங்காலம் மாமா தூக்கிப்போக வந்தபோது, கேசட்டை மறுபடி ஓட்டச் சொன்னாள். அதே எழுத்து வந்தது. படி என்றாள்.

"நீ ஒரு ஊட்டுக் கதவுக்கு முன்னால நிக்கற..."

"நில்லு. காத்தால வாசல்னு சொன்னே. இப்பக் கதவுங்கறே."

"இங்கிலீசுல ஒரே வார்த்தைதாம்மா."

"அதுல இருக்கறதப் படிக்கறயா, உனக்குத் தோணறதச் சொல்றயா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்பாட்டி நீயே படிச்சுக்க."

மாமா என்னை முறைத்தார். அம்மா என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "பொட்டி இருக்கட்டும்டா" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு நான் விளையாட உட்கார்ந்தால் அவளும் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒவ்வொரு வரியையும் சொல்லச் சொல்லிக் கேட்பாள். கண் டிவி பக்கமே போகாது. என் முகத்தில்தான் இருக்கும். பெட்டிக்குள் ஒளிந்திருக்கிற திருடனிடமிருந்து என்னைக் காவல் காக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இனி எந்த எழுத்தும் என் வாய்வழியாகத்தான் தனக்கு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அந்த வாய் பொய் சொன்னால் முகம் எப்படி மாறும் என்று அவள் படித்துக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.